பூட் ஆகாத கம்ப்யூட்டரும் சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கும்: கேள்வி பதில்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதே என் தொழில். இந்த வாரம் கேட்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: ஆன் ஆகிறது, ஆனால் விண்டோஸ் வருவதில்லை, டிஸ்க் மீது சந்தேகம். டிஸ்க்கில் பழுது என்று தெரிந்தால், கம்ப்யூட்டரை ஓட வைப்பது இரண்டாவது வேலை. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகும்.

சேலம், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்: ஐயா, நேற்று இரவு வரை நன்றாக ஓடியது. இன்று காலை கருப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வருகிறது. ஹார்டு டிஸ்க் போய்விட்டதா?

அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். ஜெராக்ஸ் கடை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, வாடிக்கையாளர் யாராவது மறந்து விட்டுப்போன பென் டிரைவ் செருகியபடியே இருக்கிறதா என்பதை. சில கம்ப்யூட்டர்கள் அதிலிருந்து பூட் ஆகப் பார்த்துவிட்டு இதே செய்தியைக் காட்டும்.

அது இல்லையென்றால், ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போங்கள். உங்கள் டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா? பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால், பூட் வரிசை மாறியிருக்கலாம், விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் கெட்டிருக்கலாம், அல்லது அந்தக் கோப்புகள் இருக்கும் இடத்தில் டிஸ்க் படிக்க முடியாமல் திணறலாம். பெயரே தெரியவில்லை என்றால் மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை இரு முனையிலும் கழற்றி மீண்டும் செருகுங்கள். வேறு கேபிள் இருந்தால் மாற்றியே பாருங்கள். தூசியும் சூடும் நிறைந்த கடைகளில் கேபிள் தளர்வதை அடிக்கடி பார்க்கிறேன். பெயர் விசித்திரமாகவோ, கொள்ளளவு பூஜ்யம் என்றோ காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிஸ்க் தன்னுடைய உள் நிரலையே படிக்க முடியாத நிலையில் இருக்கிறது.

இன்னொன்று. பயாஸ் திரையில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. அமைப்புகள் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போவதாலும் பூட் ஆகாமல் போகலாம். இது சின்னச் செலவில் தீரும் பழுது.

மதுரை, கல்யாணப் புகைப்படக்காரர்: அண்ணா, ஹார்டு டிஸ்க்கில் "டக் டக்" என்று சத்தம் வருகிறது. பத்து முறை ஆன் செய்து பார்த்தேன், ஒரே ஒருமுறை விண்டோஸ் லோகோ வந்தது. மூன்று கல்யாணங்களின் படங்கள் அதில் இருக்கின்றன. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்கிறார்களே?

தம்பி, பதினோராவது முறை ஆன் செய்யாதீர்கள். இதைப் படிக்கும் நேரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தால் இப்போதே அணையுங்கள்.

அந்தச் சத்தம் என்னவென்று சொல்கிறேன். உள்ளே தட்டுகள் பல டிஸ்க்குகளில் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று வேகத்தில் ஓடும். படிக்கும் முனை அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். தான் எந்தத் தடத்தில் இருக்கிறோம் என்பதைத் தட்டில் எழுதப்பட்டிருக்கும் அடையாளங்களைப் படித்துத்தான் அந்த முனை தெரிந்துகொள்கிறது. முனை கெட்டுப்போனால் அடையாளம் தெரியாது. தேடும், கிடைக்காது, கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடியும் தேடும். அந்தப் போக்குவரத்துதான் "டக் டக்". கெட்ட முனை தட்டின் மேல் உரசத் தொடங்கினால், படங்கள் பதிந்திருக்கும் காந்தப் பூச்சே சுரண்டப்பட்டுவிடும். சுரண்டிய பூச்சை உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்தாலும் திரும்ப ஒட்ட முடியாது.

இப்படி ஒரு டிஸ்க்கைத் திறந்த நிலையில் நான் பார்த்திருக்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல் பளபளக்க வேண்டிய தட்டில், காம்பஸ் வைத்து வரைந்ததைப் போல் வட்டமாக ஒரு கோடு. மூலையில் இருக்கும் சின்ன வெள்ளை வடிகட்டி கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறுப்பு முழுவதும் தட்டிலிருந்து வந்த தூள். "இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை" என்று இரண்டு நாள் ஆன் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு குழந்தையின் காதுகுத்துப் படங்கள் அதில் இருந்தன. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் மதுரைக் காற்றின் ஈரம் அதன் மேலும் உள்ளேயும் நீராகப் படியும். அந்தத் துளிகளின் மேல் முனை பறக்க முடியாது. தட்டுவதும் குலுக்குவதும் மூடியைத் திறப்பதும்கூட அப்படித்தான்.

தூசியில்லாத அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். அதே மாடலின் நல்ல முனைகளைப் பொருத்தி ஒருமுறை படித்தெடுக்கப் பார்ப்பார்கள். செலவு அதிகம்தான். கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பரிசோதித்துவிட்டு, வேலையைத் தொடங்கும் முன் தொகையைச் சொல்வீர்களா? டேட்டா கிடைக்காவிட்டால் எவ்வளவு தர வேண்டும்? இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

திருச்சி, ஆய்வு மாணவி: சார், என் லேப்டாப் பூட் ஆக இருபது நிமிடம் ஆகிறது, சில நேரம் நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. சத்தம் எதுவும் இல்லை. நண்பர் "செக் டிஸ்க்" ஓட்டச் சொல்கிறார். ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இப்போது அது கூடாது. செக் டிஸ்க் உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி அல்ல. கோப்பு முறையின் கணக்கைச் சரிசெய்யும் கருவி. டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கும்போது அது முழு டிஸ்க்கையும் வருடி அலைக்கழிக்கும், படிக்க முடியாத பகுதிகளைக் கழித்துவிட்டுக் கணக்கை நேர் செய்யும். கழிபடுவது உங்கள் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயமாகவும் இருக்கலாம்.

வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளங்கள்) பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள். அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்தால், கெட்ட டிஸ்க்கிலிருந்து விண்டோஸை எழுப்ப வேண்டிய பாடு இல்லை. ஆய்வேடு ஒரே ஃபோல்டரில் இருந்தால் அதை மட்டும் முதலில் வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். புத்தகம் சொல்லும் முறை முழு டிஸ்க்கையும் படியெடுப்பதுதான். ஆனாலும் மூன்று வருட உழைப்பு ஒரு சின்ன ஃபோல்டருக்குள் இருக்கும்போது அதற்கே முதலிடம் என்பேன்.

பிறகு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலால் முழுப் படியெடுங்கள். சாதாரண நகலெடுப்பு கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே முட்டும். இது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்டவற்றைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்ப வரும். பாதியில் நின்றாலும், குறிப்புக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூல டிஸ்க் எது, சேரும் டிஸ்க் எது என்பதைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு இரண்டு முறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கை ஆய்வேட்டின் மேல் எழுதிவிடுவீர்கள்.

அதே மாணவி: டிஸ்க் கெடப்போவது முன்பே தெரியாதா, சார்?

ஓரளவுக்குத் தெரியும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற நிரல், டிஸ்க் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். அதில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். 5 என்பது கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 கைவிடப்பட்டவை. எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் புது டிஸ்க் வாங்கும் நேரம். கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், முதல் வருடல் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் கெடும் வாய்ப்பு, பிழையில்லாததைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களில் எதிலுமே அசைவில்லை. எண் ஏறினால் நம்புங்கள். ஏறவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்காதீர்கள்.

ஈரோடு, கணக்கு எழுதுபவர்: என்னுடையது எஸ்எஸ்டி. முந்தைய நாள் வரை எந்தக் குறையும் இல்லை, இன்று பயாஸிலேயே தெரியவில்லை.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போவது இப்படித்தான், முனகல்கூட இல்லாமல். பெரும்பாலும் கெடுவது கட்டுப்படுத்தும் சிப் அல்லது அதன் உள் நிரல். கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். அங்கும் தெரியவில்லை என்றால் மீட்பு நிலையம்தான். போகும்போது, டிஸ்க்கில் உள்ளதைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதிக்கான மீட்புச் சாவியையும் எடுத்துச் செல்லுங்கள். பல புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடும். அந்த 48 இலக்கச் சாவி இல்லாமல் சிப்பைப் படித்தாலும் பயனில்லை. அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

கோவை, பொறியியல் மாணவர்: ஹார்டு டிஸ்க்கின் அடிப்பக்க போர்டு கருகியிருக்கிறது. அதே மாடலின் போர்டை மாற்றினால் போதுமா?

போதாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் பெரும்பாலும் போர்டில் உள்ள ஒரு சின்ன சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்ற வேண்டும். பழகிய கை வேண்டிய வேலை.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று கடையில் கொடுத்தேன். ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறைந்த என் கணவரின் படங்கள் அதில் இருந்தன. இனி வழியில்லையா?

அம்மா, படிக்கும்போதே மனம் கனக்கிறது. வழி இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரை இனி ஆன் செய்யாதீர்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், புது விண்டோஸ் வந்து உட்கார்ந்த இடம் போக மீதி இடத்தில் பழைய படங்கள் இன்னும் இருக்க வாய்ப்பு நன்றாகவே உண்டு. எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ஃபார்மட் செய்ததும் அது காலி இடத்தைத் தானே துடைத்துவிடும். கணவரோடு சேர்ந்து எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், உறவினர்களின் போன்களிலும் கேட்டுப் பாருங்கள். அளவு குறைந்திருந்தாலும் முகம் இருக்கும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கடையில் கொடுக்கும்போது "டேட்டா வேண்டும், ஃபார்மட் செய்யக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சேலம், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்: ஐயா, கேபிளை மாற்றினேன், விண்டோஸ் வந்துவிட்டது! ஆனால் ஸ்மார்ட் குறிப்பில் 199 என்ற வரியில் பெரிய எண் காட்டுகிறது.

மிக்க மகிழ்ச்சி. 199 என்பது கேபிள் வழியே தரவு சிதைந்த கணக்கு. பழைய கேபிள் விட்டுச்சென்ற தடம் அது. கேபிள் மாற்றினாலும் எண் குறையாது, இனிமேல் ஏறாமல் இருந்தால் போதும். இன்றைய எண்ணை எழுதிவைத்து அடுத்த வாரம் பாருங்கள். இன்று கடையைச் சாத்துவதற்கு முன், கணக்கு ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.