குழந்தைக்கு ரத்தம் எடுக்கப் பழக பொம்மைக் கை போதுமா?

கேள்வி: சேலத்தில் ஒரு சிறிய குழந்தைகள் மருத்துவமனையில் நர்சிங் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரியவர்களுக்குச் சுலபமாக ரத்தம் எடுக்கிறார்கள். குழந்தை என்றால் கை நடுங்குகிறது. பயிற்சி மாடல் வாங்கலாமா? எத்தனை முறை குத்திப் பழகினால் போதும்?

பதில்: வாங்கலாம். முழுக் குழந்தை பொம்மை உங்களுக்குத் தேவையில்லை, கை மட்டும் போதும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மேல்தோலும் உள்ளே ரத்த நரம்பாக ஓடும் குழாயும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பதுதான். ஒரே தோலில் பல பேர் குத்தினால் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். அப்புறம் பழகுபவர் விரலால் நரம்பைத் தேடமாட்டார், பழைய ஓட்டையைப் பார்த்துக் குத்துவார். அது பயிற்சியே இல்லை.

கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிப்பது, இறக்கை வைத்த மெல்லிய 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியைத் தாழ்வாகச் சாய்த்து நுழைப்பது, ஊசியோடு வரும் குழாயில் ரத்தம் தெரிந்ததும் மேற்கொண்டு தள்ளாமல் நிறுத்துவது, இதெல்லாம் மாடலில் நன்றாகவே வரும். ஒரு விஷயத்தில் மட்டும் அது ஏமாற்றும். சிரிஞ்சை வேகமாக இழுத்தால் நிஜக் குழந்தையின் நரம்பு ஒட்டிக்கொள்ளும், ரத்த அணுக்களும் உடையும். மாடல் குழாயோ எவ்வளவு இழுத்தாலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மாடலுக்குள் ரத்தமாக ஓடும் சாயத் தண்ணீரின் பையை உயரத்தில் தொங்கவிடாதீர்கள். கை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், மெதுவாகத்தான் வரும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, கை சில்லிட்டு வரும் குழந்தையிடம் நரம்பு அப்படித்தான் இருக்கும். ஊசியைத் தொடும் முன் வெதுவெதுப்பான துணியால் கையைச் சுற்றிவைப்பதையும் பயிற்சியிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் ஆட்கள் நடுங்குவது நரம்புக்காக இல்லை என்பது என் கணிப்பு. குழந்தை உதறும், அம்மா அழுவார். மேசைமேல் கிடக்கும் கை இதைக் கற்றுத்தராது. ஒரு நர்சை அம்மாவாக உட்காரவைத்து, மாடல் கையை மடியில் வையுங்கள். இன்னொருவர் முழங்கையையும் மணிக்கட்டையும் பிடிக்கட்டும். அம்மாவாக இருப்பவரை, நடுவில் சொல்லாமல் கையை வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு ரத்தம் எடுப்பது இரண்டு பேர் வேலை. பிடிப்பவருக்கும் அதே அளவு பயிற்சி வேண்டும். இரண்டு முறை தவறினால், "அம்மா, இன்னொரு சிஸ்டரைக் கூப்பிடுறேன்" என்று சொல்லி விலகுவதையும் வாய்விட்டுப் பழகட்டும்.

5 கிலோ குழந்தையின் உடலில் இருப்பதே ஏறக்குறைய 400 மில்லி ரத்தம். எந்தப் பரிசோதனைக்கு எத்தனை மில்லி என்று கூட்டிப் பார்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். கையை இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம், வலி குறையும்.

எத்தனை முறை என்று எண்ணிக்கை வைக்காதீர்கள். அம்மாவாக நடிப்பவரிடம் பேசிக்கொண்டே, படி தவறாமல், தொடர்ந்து செய்ய வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூத்தவர் பக்கத்தில் நிற்க, முதலில் பள்ளி வயதுப் பிள்ளைகள், கைக்குழந்தைகள் கடைசியில்.

பயிற்சி ஊசிகளையும், கூர்மையான கழிவுகளுக்கான வெள்ளை டப்பாவிலேயே போடச் சொல்லுங்கள். சாயத் தண்ணீரை அன்றன்றே வடித்துக் குழாயைக் காயவைத்துவிடுங்கள், சேலத்து வெயிலில் இரண்டே நாளில் நாறிவிடும்.