பிளாக் எங்கே போச்சு? – இன்ஜின் கேள்வி பதில்

பழைய காருக்கு மாற்று இன்ஜின் தேடுகிறேன். ஒருவர் ஷார்ட் பிளாக் தருகிறேன் என்கிறார், இன்னொருவர் லாங் பிளாக் என்கிறார். நீளத்தில் வித்தியாசமா சார்?

நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல், சிலிண்டர் ஓட்டைகள் உள்ள வெறும் வார்ப்பு மட்டும் வந்தால் அது ‘பேர்’ (bare, வெற்று) பிளாக். அதில் கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராட், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் போட்டு இறுக்கிக் கொடுத்தால் ஷார்ட் பிளாக். அதன் மேல் வால்வுகளோடு சிலிண்டர் ஹெட்டும் ஏறிவிட்டால் லாங் பிளாக். ஆயில் பம்ப், சம்ப், டைமிங் கவர் போன்றவை வருமா வராதா என்பது விற்பவரைப் பொறுத்தது. வாய்ப் பேச்சை நம்பாமல் பட்டியல் எழுதி வாங்குங்கள்.

உங்கள் பழைய ஹெட்டில் விரிசல் இல்லை, அடிப்பக்கம் வளையவில்லை என்றால் ஷார்ட் பிளாக்கே போதும். வண்டி ஒருமுறை ஓவர்ஹீட் ஆகியிருந்தால் மட்டும், ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேரான சட்டம்) வைத்துப் பார்க்காமல் அந்த ஹெட்டைத் திரும்ப ஏற்றாதீர்கள்.

போர் (சிலிண்டர் ஓட்டை) தேய்ந்துவிட்டது, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். சிசி கூடி வண்டி வேகமாகப் போகுமா?

சிசி கூடும். எவ்வளவு என்று பாருங்கள். போர், அதாவது ஓட்டையின் விட்டம் 86 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86 மி.மீ. உள்ள நாலு சிலிண்டர் இன்ஜின் 1998 சிசி. போரை 86.5 ஆக்கினால் 2021 சிசி சொச்சம். இந்த 23 சிசியை சீட்டில் உட்கார்ந்தே உணர்ந்தேன் என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

போர் அடிப்பது, அதாவது ஓட்டையைக் கடைந்து பெரிதாக்குவது, பவருக்காக இல்லை, கோணலாகிப்போன ஓட்டையை மறுபடி வட்டமாக்குவதற்கு. சிலிண்டர் ஒரே சீராகத் தேயாது. ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டர் சுவரில் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு படி தட்டும். மேல் ரிங் போய்த் திரும்பும் இடம் அது. எரியும் வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்துவதும் அங்கேதான் அதிகம், ஆயில் படலம் மெலிந்திருப்பதும் அங்கேதான். அதற்கும் மேலே ரிங் போகாததால் சுவர் அப்படியே நிற்கிறது. கீழே வர வரத் தேய்மானம் குறையும். இதுதான் டேப்பர். அப்புறம், பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து அழுத்துகிற திசையில் கூடுதலாகத் தேய்ந்து வட்டம் முட்டை வடிவம் ஆகிவிடும். அது ஓவாலிட்டி.

ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் (ஓட்டையின் விட்டம் அளக்கும் கருவி) வைத்து அளந்த பிறகுதான் 0.25 போதுமா, 0.50 வேண்டுமா என்று பேச முடியும். உங்கள் மெக்கானிக் அளந்த தாளைக் காட்டச் சொல்லுங்கள். அளவு எழுதாத பிளாக்கை என் பட்டறையில் போரிங் மெஷின் பக்கம் நகர்த்தக்கூட விடமாட்டேன். இன்னொன்று, பிஸ்டனை முதலில் வாங்குங்கள். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து, அதற்குத் தகுந்த இடைவெளி விட்டுத்தான் போர் அடிக்க வேண்டும். கடைசியில் ஹோனிங், அதாவது சுவரைக் கல்லால் மெல்லத் தேய்ப்பது. சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். கண்ணாடி போலப் பளபளக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அதில் புது ரிங் படியாது.

லைனர், ஸ்லீவ் இரண்டும் ஒன்றா?

பட்டறைப் பேச்சில் ஒன்றுதான், பிஸ்டன் ஓடும் சுவராக பிளாக்குக்குள் பொருத்தும் உருளை. அதன் வெளிப்பக்கத்தில் கூலன்ட் நேராகப் பட்டால் வெட் லைனர், படாமல் பிளாக்கின் உலோகத்தோடு ஒட்டியிருந்தால் டிரை லைனர்.

ரோட்டரி இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த படம் ஒன்று பார்த்தேன். சிலிண்டர் பிளாக் எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஜெர்மன்காரர் ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனையில் பிறந்து 1957-ல் முதலில் ஓடிய இந்த வகை இன்ஜினில் பிளாக் என்று ஒற்றை வார்ப்பு கிடையாது. பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் என்ற மூன்று முனைத் துண்டு, ஹவுசிங் என்கிற கூட்டுக்குள் சுற்றும். மாஸ்டாவின் 13பி இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்க சைடு ஹவுசிங், ரோட்டர் ஹவுசிங், நடு ஹவுசிங், இன்னொரு ரோட்டர் ஹவுசிங், பின்பக்க சைடு ஹவுசிங் என்று ஐந்து துண்டுகள். டிபன் கேரியரைப் படுக்க வைத்தது போல வரிசையாக அடுக்கி, நீளமான டென்ஷன் போல்ட்டுகளால் முழு அடுக்கையும் சேர்த்து இறுக்கியிருப்பார்கள்.

பெயரை வைத்துத் தேடாமல் வேலையை வைத்துத் தேடினால் சுலபம். சிலிண்டர் சுவரின் வேலையைச் செய்வது ரோட்டர் ஹவுசிங்கின் உள்பக்கம். இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்டமாக இருக்கும். ஹவுசிங் அலுமினியம், அதன் உள்சுவரில் எஃகுத் தகடு, அதன் மேல் குரோம் பூச்சு. இரண்டு பக்கச் சுவர் சைடு ஹவுசிங்குகள், இவை வார்ப்பிரும்பு. கிராங்க் இருக்கும் இடத்தில் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட். கனெக்டிங் ராட் கிடையாது, ரோட்டரே நேராக ஷாஃப்ட்டின் லோப் (மையம் விலகிய வட்டப் பகுதி) மேல் உட்கார்ந்திருக்கும். ரிங்குக்குப் பதில் மூன்று முனையிலும் அபெக்ஸ் சீல், பக்கங்களில் சைடு சீல், இரண்டும் சந்திக்கிற மூலையில் கார்னர் சீல்.

படத்தில் சைடு ஹவுசிங்கோடு ஒரு சின்ன கியர் அசையாமல் நின்றிருக்குமே, அது ஸ்டேஷனரி கியர். அதில் 34 பல், ரோட்டருக்குள் இருக்கும் கியரில் 51. இதுதான் ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ரோட்டர் தடம் மாறாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றும்போது ரோட்டர் ஒரே சுற்று.

ஹெட் இல்லை, வால்வு இல்லை என்பதால் ஷார்ட், லாங் என்ற பாகுபாட்டுக்கும் இங்கே அர்த்தம் இல்லை. ஓவர்சைஸ் பேச்சும் எடுபடாது. குரோம் உரிந்துவிட்டதா, ரோட்டர் ஹவுசிங்கையே மாற்ற வேண்டியதுதான். சைடு ஹவுசிங்கை மட்டும் ஓரளவு லேப்பிங் (தேய்த்துச் சமமாக்குவது) செய்து சமாளிக்கலாம். ஹெட் கேஸ்கெட் இல்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது. துண்டுக்குத் துண்டு நடுவில் கூலன்ட் சீல் ரப்பர் இருக்கிறது. அது போனால் கூலன்ட் எரியும் அறைக்குள் இறங்கிவிடும்.

13பி வெறும் 1308 சிசி என்கிறார்கள். ஆனால் 2.6 லிட்டர் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்களே?

போர், ஸ்ட்ரோக் இங்கே செல்லாது. ஷாஃப்ட் மையம் விலகும் தூரம் 15 மி.மீ., ரோட்டர் மையத்திலிருந்து முனை வரை 105, அகலம் 80. மூன்றையும் பெருக்கி, அதை 3√3 ஆல் பெருக்குங்கள். 654 சிசி வரும். அது ஒரு ரோட்டரின் ஒரு முகத்துக்கு. ரோட்டர் இரண்டு, ஆக 1308.

தகராறு எங்கே வருகிறது என்றால், நாலு ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜின் தன் முழு சிசியையும் ஒருமுறை பயன்படுத்த கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். 13பி தன் 1308-ஐ ஒரே சுற்றில் முடித்துவிடுகிறது. பிஸ்டன் இன்ஜினோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமானால் இரட்டிப்பாக்கி 2616 என்று எடுப்பதுதான் என் கணக்கில் நியாயம்.

முதல் உலகப்போர் விமானங்களிலும் ரோட்டரி இன்ஜின் என்று படித்தேன். அதுவும் வாங்கெலா?

இல்லை, அது பிஸ்டன் இன்ஜின்தான். நோம், லெ ரோன் போன்ற அந்தக் கால விமான இன்ஜின்களில் கிராங்க் விமானத்தோடு சேர்ந்து அசையாமல் நிற்கும், சிலிண்டர்கள் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். அதிலும் பிளாக் கிடையாது. நடுவில் கிராங்க் கேஸ், அதைச் சுற்றித் தனித்தனி சிலிண்டர்கள், அவ்வளவுதான்.

பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாக, கிண்ணம் போலத் தகடுகள் அடைத்திருக்கின்றன. அதில் ஒன்று ஒழுகுகிறது. எதற்காக வைத்தார்கள்?

கோர் பிளக். வார்க்கும்போது வாட்டர் ஜாக்கெட்டுக்காக (சிலிண்டரைச் சுற்றிக் கூலன்ட் ஓடும் வழி) உள்ளே வைத்த மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டைகளின் மூடி. ஃப்ரீஸ் பிளக் என்றும் சொல்வார்கள். தண்ணீர் உறைந்தால் இது தெறித்து பிளாக்கைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் வந்த பெயர், அதை நம்பிக் கூலன்ட் ஊற்றாமல் இருக்காதீர்கள். ஒன்று ஒழுகினால் மற்றவையும் உள்ளிருந்து துருப்பிடித்துத்தான் இருக்கும். இன்ஜின் இறங்கியிருக்கும்போதே எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வண்டியில் ஏற்றிய பிறகு சிலவற்றுக்குச் சுத்தியல் நுழையவே இடம் இருக்காது.