பழைய மஹிந்திரா தார் ஜீப்பின் சஸ்பென்ஷன்: எதைப் பழுது பார்க்கலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்?

களக்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அண்ணாச்சி, என் வண்டி 2013 மாடல் மஹிந்திரா தார், சி.ஆர்.டி.இ. டீசல் எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. தோட்டத்துக்கு உர மூட்டை, மோட்டார் எல்லாம் இதில்தான் போகும். பின்னால் இடது பக்கப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) இரண்டு வருஷத்துக்கு முன்பு லாரிப் பட்டறையில் அடித்து நிமிர்த்தினேன். மறுபடி படுத்துவிட்டது. இப்போது முன்பக்கமும் இடது புறம் சாய்ந்து நிற்கிறது, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது, மேடு பள்ளத்தில் டொக் டொக்கென்று சத்தம். ஒரு மெக்கானிக் மொத்த சஸ்பென்ஷனையும் மாற்றி 2 இன்ச் தூக்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர் பட்டையை மறுபடி அடித்துத் தருகிறேன், அது போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

இரண்டு பேர் சொல்வதும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. பின்பக்கப் பட்டைகளை இரண்டு புறமும் புதிதாக மாற்றுங்கள். முன்பக்கத்தில் ரப்பரையும் தேய்ந்த ஜாயிண்டுகளையும் மட்டும் மாற்றி, டார்ஷன் பாரை (முன்பக்க எடையைத் தாங்கும் முறுக்குத் தண்டு) அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் நான்கும் புதிது போடுங்கள். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நன்றாக இருந்தால்தான் இதெல்லாம். அதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் அமைப்பு முழுவதையும் சஸ்பென்ஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இருக்கும் பொருள்களின் ஆயுள் ஒன்றல்ல. ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை), டார்ஷன் பார் மாதிரியான எஃகுப் பாகங்கள் துரு ஏறாமல், அடிபடாமல் இருந்தால் வண்டி இருக்கும்வரை இருக்கும். புஷ் ரப்பர் (இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் வளையம்), பால் ஜாயிண்ட் (ஆர்மின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு), ஷாக்கின் ஆயில் சீல் ஆகியவை ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் கெடும். தேய்ந்த ரப்பருக்காக நல்ல எஃகைக் கழற்றிப் போடுவது வீண் செலவு. களைத்துப்போன எஃகை அடித்து நிமிர்த்தி ஓட்டுவது ஆபத்து.

முதலில் சேஸிஸ். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வயல் வரப்பிலும் கால்வாய்க் கரையிலும் ஓடும் வண்டிக்குச் சேறு சேஸிஸின் உட்புறம் போய் அடைந்துகொள்ளும். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். உவரி, கூத்தங்குழிப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். வாட்டர் சர்வீஸ் செய்து காயவைத்த பிறகு பட்டையின் முன்முனை மாட்டியிருக்கும் பிராக்கெட், பின்முனையைத் தாங்கும் ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பு தொங்கும் இடம், டார்ஷன் பாரின் பின்முனை உட்கார்ந்திருக்கும் குறுக்குச் சட்டம், ஷாக் மாட்டும் காதுகள் எல்லாவற்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துரு தின்ற இடம் பொத்தென்று அடங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்திக் குத்துங்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அந்தப் பிராக்கெட்டுகள் இற்றுப்போயிருந்தால் எந்தப் புது செட்டும் அங்கே நிலைக்காது. முதல் செலவு சேஸிஸ் வேலைக்குப் போகட்டும். அது கட்டுப்படியாகாத அளவு அரித்திருந்தால் வண்டியை விடுவதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் வண்டியின் பதிவு 15 வருஷம் முடிந்து 2028-இல் புதுப்பிக்க வரும். அப்போது வண்டியை நேரில் சோதிப்பார்கள். அதற்கப்புறமும் வைத்திருக்கப் போகிறீர்களா என்பதை இப்போதே முடிவு செய்துகொண்டால் எவ்வளவு செலவு செய்யலாம் என்பதும் தெளிவாகும்.

அடுத்தது சாய்வு. முன்பக்கம் சாய்ந்திருப்பதால் கோளாறும் முன்னால்தான் என்று நினைக்க வேண்டாம். நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, வண்டியில் பாரம் இல்லாமல், பெட்ரோல் பங்க் போன்ற சமமான சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு புறமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 10 மில்லிமீட்டர் வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 20-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். அப்புறம் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்துக்கு நட்டநடுவில் ஜாக்கி கொடுத்து, பின் பட்டைகளின் மேல் இருக்கும் பாரம் இறங்கும்வரை தூக்குங்கள். அந்த நேரத்தில் யாரும் அடியில் போகக் கூடாது. முன்பக்கம் சமமாகிவிட்டால் சாய்வுக்குக் காரணம் பின்னால் படுத்த பட்டைதான். அப்போதும் சாய்ந்தே நின்றால் முன்னால் வேலை இருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்குப் பின் இடது பட்டை மேல்தான் சந்தேகம்.

அந்தப் பட்டையை ஏன் மறுபடி அடிக்கக் கூடாது? பட்டை எஃகின் பலம் அதன் வளைவில் மட்டும் இல்லை, அதைப் பதப்படுத்திய விதத்திலும் இருக்கிறது. உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்தால் அந்தப் பதம் போய்விடும். திரும்ப முறையாக எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றுகிற பட்டறைகள் குறைவு. காய்ச்சாமல் அடித்தால் வளைவு வரும், பாரம் ஏற ஏறத் திரும்பப் படுக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். ஒரு தடவை அடித்துப் படுத்த பட்டைக்கு இரண்டாம் தடவை கூலி கொடுக்க வேண்டாம். உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பதை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். மெயின் பட்டை உடைந்தால் அச்சே இடம் நகர்ந்து வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

வலது பக்கப் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய பட்டறை வழி உண்டு. மண்ணெண்ணெய் தேய்த்துத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி பூசி, வண்டியை ஆட்டிவிட்டால், விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு விழும். கோடு விழாவிட்டாலும் பட்டை செட்டை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்வேன். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் சாய்வு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான்.

பாரம் ஏற்றுவதால் கூடுதலாக ஒரு பட்டை செருகலாமா என்று நினைப்பீர்கள். வேண்டாம். வெறும் வண்டியில் போகும்போது தூக்கித் தூக்கிப் போடும், அந்த அடி முழுவதும் பழைய பிராக்கெட்டுக்குத்தான் போகும். பட்டைக்குப் பழைய எஞ்சின் ஆயில் பூசுவதையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் புஷ் ரப்பரைக் கெடுக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் அதில் ஒட்டினால் பட்டைக்கு நடுவில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ஆகும்.

முன்பக்கம் உங்கள் தாரில் டார்ஷன் பார். சேஸிஸை ஒட்டி நீளவாக்கில் ஓடும் எஃகுத் தண்டு, முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகிறது. அதன் முனையில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு போல்ட் இருக்கும். கொஞ்சம் தாழ்ந்திருந்தால் பாரை மாற்றத் தேவையில்லை, அந்தப் போல்ட்டிலேயே சரியாகும். ஆனால் வரிசை முக்கியம். பின் பட்டை மாற்றி, முன் புஷ்களை மாற்றி முடித்த பிறகே உயரத்தைத் தொட வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பாரிலிருந்து எடை இறங்கிய பிறகுதான் போல்ட்டைத் திருக வேண்டும். பாரைக் கழற்ற வேண்டி வந்தால் தெரிந்த கை மட்டும் தொடட்டும், முறுக்கில் நிற்கும் கம்பி அது. இடது, வலது பார்களை மாற்றி மாட்டக் கூடாது.

அந்த டொக் டொக் சத்தத்துக்குத்தான் நான் முதலில் பயப்படுவேன். டார்ஷன் பார் எந்த ஆர்மைத் தாங்குகிறதோ அதன் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்டைச் சந்தேகப்பட வேண்டும். வீல் பேரிங்கிலும் அதே ஆட்டம் தெரியும் என்பதால் ஒருவரை ஜாயிண்டின் மேல் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடமும் வலமுமாக ஆடினால் டை ராட் எண்டு (ஸ்டியரிங் தண்டின் முனை மூட்டு). பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறுகிற மாதிரியான மலைப்பாதையில் அது நடக்கக் கூடாது. ஆட்டம் உறுதியானால் அதை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

புஷ் விஷயத்தில் ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் வற்புறுத்துங்கள். புது ரப்பர் புஷ் போட்டபின் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி தன் எடையில் தரையில் நிற்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடலாமே என்பார்கள். பழைய சேஸிஸுக்கு ரப்பர்தான் நல்லது.

ஷாக்கில் லேசான எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் கவலையில்லை, வழிந்தால் போய்விட்டது என்று அர்த்தம். மோசமான ரோட்டில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, நான்கையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். மற்றவை சூடாக, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது சும்மா இருக்கிறது. உங்கள் கிலோமீட்டருக்கு நான்கும் மாற்றுவது நியாயம்தான்.

2 இன்ச் தூக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டார்ஷன் பாரை முறுக்கித் தூக்கினால் முன் ஆக்சிலின் ஜாயிண்டுகள் அதிகக் கோணத்தில் ஓடி, அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழியும், சக்கரம் பள்ளத்தில் இறங்குகிற தூரம் குறையும், வண்டி கல்லாகும். சட்டமும் இடம் கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் கேள்வி வரும்.

பணத்தை ஒரே தடவையில் போட முடியாவிட்டால் பால் ஜாயிண்டும் டை ராடும் முதலில், அடுத்து பின் பட்டையும் புஷ்களும், பிறகு ஷாக். பட்டை மாற்றும்போது அதை அச்சோடு கட்டும் பழைய யு போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள், ஒரு தடவை இழுபட்டது மறுபடி பிடிக்காது. சேஸிஸ் நம்பரைக் காட்டி, பில்லோடு பார்ட்ஸ் வாங்குங்கள். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மெண்டும் ஹெட்லைட் மட்டமும் பார்த்துவிட்டு, 500 கிலோமீட்டர் ஓடியதும் அதே பட்டறைக்குப் போய் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, நான்கு புற அளவையும் முதலில் எழுதி வைத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.