பழைய கணினியில் கிடக்கும் ஃப்ளாஷ் பிளேயரை எடுத்துவிடலாமா?

அப்பாவின் விண்டோஸ் 7 கணினியில், முன்பு பிரவுசரில் வீடியோ, கேம் ஓட்டப் பயன்பட்ட ஃப்ளாஷ் பிளேயர் இன்னும் கிடக்கிறது, எடுத்தால் ஏதாவது கெட்டுப்போகுமா என்று தக்கலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றும் ஆகாது, தாராளமாக எடுத்துவிடுங்கள். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு அதைக் கைவிட்டது. இனி அதில் பாதுகாப்பு ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை.

முதலில் எல்லா பிரவுசரையும் மூடுங்கள். கண்ட்ரோல் பேனலில் புரோகிராம்களை நீக்கும் பகுதிக்குப் போனால், ஃப்ளாஷ் பிளேயர் என்ற பெயரில் இரண்டு மூன்று வரிகள்கூட இருக்கலாம். ஆக்டிவ்எக்ஸ் என்பது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு, என்பிஏபிஐ என்பது ஃபயர்ஃபாக்ஸுக்கு, பிபிஏபிஐ என்பது ஓபரா போன்றவற்றுக்கு. ஒன்றை எடுத்ததோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் எடுங்கள். அப்புறம் ஒரு ரீஸ்டார்ட்.

மார்த்தாண்டத்தில் என் மாமாவின் ரப்பர் கடைக் கணினியில் ஒருநாள் 'ஃப்ளாஷ் பழசாகிவிட்டது, அப்டேட் செய்யவும்' என்று மஞ்சள் பெட்டி வந்தது. மாமா நம்பி அழுத்திவிட்டார். பிரவுசரின் முகப்புப் பக்கமே மாறி, எதைத் தொட்டாலும் விளம்பரம். தயவுசெய்து அப்பாவிடம் சொல்லிவையுங்கள்: ஃப்ளாஷுக்கு இனி அப்டேட்டே கிடையாது, அப்படி வருவதெல்லாம் போலி.

பட்டியலில் சில்வர்லைட் (ஃப்ளாஷ் போலவே மைக்ரோசாஃப்ட் கொடுத்த பிரவுசர் துணை மென்பொருள்) இருந்தால் அதையும் நீக்குங்கள். 2021 அக்டோபர் 12-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவையும் நிறுத்திவிட்டது.