ஈசிஜி தாள்

வணக்கம் ஐயா,

நான் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் செவிலியர். பிரசவ வார்டில் ஐந்து ஆண்டுகளாக வேலை. உடன் படித்த தோழிகள் ஆறு பேரும் நானும் அமெரிக்க மருத்துவத் தொடர்களை ஒன்றுவிடாமல் பார்ப்போம். ‘ஈஆர்’, ‘ஹவுஸ்’, இப்போது ‘தி பிட்’. பார்த்து முடித்ததும் சண்டை தொடங்கும். ‘ஹவுஸ்’ தொடரில் இதுவரை 60 அத்தியாயங்களுக்கு மருத்துவப் பிழைகளை அட்டவணை போட்டிருக்கிறேன். அசைவே இல்லாமல் நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுப்பது, மருத்துவர்களே ஸ்கேன் எடுத்து மருத்துவர்களே ரத்தமும் பரிசோதிப்பது, செவிலியர் என்ற ஒரு பிறவி இருப்பதே தெரியாமல் மருத்துவமனை நடப்பது என்று பட்டியல் நீள்கிறது.

ஆனால் பெரிய சண்டை ‘ஈஆர்’ முதல் சீசனில் வரும் ‘லவ்ஸ் லேபர் லாஸ்ட்’ அத்தியாயம் பற்றி. மருத்துவம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதில் வரும் அவசர சிகிச்சை மருத்துவர் கிரீனின் நோக்கம்தான் புரியவில்லை. முதல் முறை அந்த நிறைமாதப் பெண் வந்தபோதே ஏன் அவருக்குச் சந்தேகம் வரவில்லை? பிறகும் ஏன் மகப்பேறு மருத்துவர் வரும்வரை விடாமல் அழைத்துக்கொண்டே இருக்கவில்லை? அகங்காரமா, தன்னை நிரூபிக்கும் ஆசையா? எழுதியவர்கள் காரணத்தைத் தெளிவாகச் சொல்லாதது குறைதானே? புனைவில் தொழில் சார்ந்த தகவல்கள் எந்த அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும்? அப்பா இதெல்லாம் வெட்டிவேலை என்கிறார்.

க.

அன்புள்ள க.,

அப்பாவை விடுங்கள். அவர் கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் இந்த வரியை அவரிடம் காட்டுங்கள்.

அட்டவணையையும் விரைவாகக் கடந்துவிடுகிறேன். உங்களுக்கு முன்பே அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1996இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ‘ஈஆர்’ உள்ளிட்ட மூன்று நிகழ்ச்சிகளின் 97 அத்தியாயங்களை உட்கார்ந்து பார்த்து, 60 முறை நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் காட்சி வந்ததாக எண்ணியிருந்தார்கள். நான்கில் மூன்று பேர் உடனே எழுந்துவிட்டார்கள். 67 விழுக்காட்டினர் வீடு போய்ச் சேர்ந்ததாகக் காட்டப்பட்டது. நிஜத்தில் பிழைப்பவர்கள் இதைவிட எவ்வளவு குறைவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொலைக்காட்சி ஊரில் இதயம் நிற்பது ஜலதோஷம் பிடிப்பது மாதிரி. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஜெர்மனியின் மார்பர்க் நகரில், இதயம் செயலிழந்து, கண்ணும் காதும் மங்கி வந்த ஒருவருக்கு இடுப்பில் பொருத்திய உலோக மூட்டிலிருந்து கோபால்ட் நஞ்சு ஏறியிருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ‘ஹவுஸ்’ தொடரில் இப்படி ஒன்று வந்தது நினைவிருந்ததால்தான் கண்டுபிடித்தோம் என்று 2014இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். ஆகவே பிழை மலிந்த தொடரால் ஓர் ஆள் பிழைக்கவும் செய்யலாம். தகவல் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

செவிலியர்கள் காணாமல் போவது பற்றிய உங்கள் கோபத்தில் முழுதாக உங்கள் பக்கம் நிற்கிறேன். ‘தி பிட்’ தொடரில் டேனா என்ற தலைமைச் செவிலியராக வரும் கேத்தரின் லனாசாவுக்கு 2025இல் எம்மி விருது கிடைத்தபோது உங்கள் ஏழு பேர் கூட்டம் கேக் வெட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது கிரீனுக்கு வருவோம். இந்த இடத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபம்.

‘நோக்கம்’ என்ற சொல் உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தில் பதினொரு முறை வருகிறது. எண்ணினேன். (எண்ணுவது தொற்றுநோய் போலிருக்கிறது.) அந்த அத்தியாயத்தில் நடப்பது என்ன? நிறைமாதப் பெண் ஒருத்தி கணவனோடு வருகிறாள். அடிக்கடி சிறுநீர் வருகிறது என்கிறாள். கிரீன் சிறுநீர்த் தொற்று என்று அனுப்பிவிடுகிறார். போன சற்று நேரத்தில் அவளுக்கு வலிப்பு வருகிறது. கர்ப்பகால ரத்த அழுத்தத்தின் உச்சம் அது என்று அதன் பிறகே தெரிகிறது. அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கைநழுவி, குழந்தை பிழைக்கிறது, தாய் இறக்கிறாள். மகப்பேறு மருத்துவர் வந்து சேரும்போது காரியம் எல்லை மீறியிருக்கிறது. கடைசியில் கிரீன் ரயிலில் உட்கார்ந்து அழுகிறார். எழுதியவர் லான்ஸ் ஜென்டைல், அவரே அவசர சிகிச்சை மருத்துவர். நோக்கம் எங்கே என்று அவரிடம் கேட்டால் உங்களை வார்டு ரவுண்டுக்கு அழைத்துப் போயிருப்பார். நீங்களோ தினமும் அந்த வார்டிலேயே இருப்பவர். இரவு மூன்று மணிக்கு நான்காவது கட்டிலில் தலைவலி என்று சொன்ன பெண்ணை ‘தூக்கமில்லை, அதனால்தான்’ என்று ஒரு தடவையாவது தாண்டிப் போனதில்லையா? அப்போது உங்கள் நோக்கம் என்னவாக இருந்தது?

இவ்வளவு கடுமையாகக் கேட்க எனக்கு ஓர் உரிமை இருக்கிறது. நான் ஒரு மருத்துவரின் நோக்கத்தை ஒன்பது ஆண்டுகள் ஆராய்ந்தவன்.

1997, தை மாதம். அப்பாவுக்கு 58 வயது. உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து படுத்தவர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்தார். மேல்வயிறு எரிகிறது என்றார். இரண்டு முறை வாந்தி. பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஊரில் இருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டியூட்டி டாக்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மேசையில் பிரித்த இட்லிப் பொட்டலம். இரண்டு இட்லி தின்று மூன்றாவதைப் பிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பொட்டலத்தை அப்படியே மடித்து, மேலே ரத்த அழுத்தக் கருவியைப் பாரமாக வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அப்பாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஈசிஜி எடுத்தார். நீளமான இளஞ்சிவப்புத் தாளை விளக்குக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, இடமிருந்து வலமாக ஒரு முறை, பிறகு திரும்ப ஒரு முறை பார்த்தார். இதயத்தில் ஒன்றும் தெரியவில்லை, வாயுதான் என்றார். ஓர் ஊசி. இரண்டு மாத்திரை. தாளை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். அப்பா வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காலை ஆறரைக்கு இறந்தார். பால் வந்து வாசலில் இருந்தது.

அதன் பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் ஏழு பேரும் செய்கிறீர்கள். அந்த இளைஞனுக்கு நான் ஒரு முழு வாழ்க்கை வரலாறு எழுதினேன். பணம் கட்டிப் படித்தவன். பசியில் இருந்தான், இட்லி ஆறுகிறது என்ற அவசரம். வேட்டி கட்டியவர் என்றால் அலட்சியம். பெரிய டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பப் பயம். ஒவ்வொரு ஆண்டும் ஒரு புதிய காரணம். அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு தெரிந்த டாக்டர் எல்லோரிடமும் காட்டினேன். ஒருவர் இதில் ஒன்றுமே இல்லை என்றார். இன்னொருவர் இரண்டாவது வரிசையில் லேசாக ஒரு சந்தேகம் வரலாம், ஆனால் முடிவு தெரிந்தபிறகு பார்க்கிறேன், அதனால் என் கண்ணை நான் நம்ப மாட்டேன் என்றார். மூன்றாமவர் ஒரு மூத்த இதயநோய் மருத்துவர். மாரடைப்பின் தொடக்கத்தில் ஈசிஜி சரியாகவே இருக்கலாம் என்றும், இதயத்தின் கீழ்ப்பகுதி பாதிக்கப்பட்டால் வயிற்றெரிச்சல் போலவே தோன்றும் என்றும், கொஞ்ச நேரம் படுக்கவைத்து மறுபடி எடுத்திருக்க வேண்டும் என்றும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்: “தோள்பட்டை, கை, தாடை எங்கேயாவது வலி இருந்ததா?”

இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஆட்டோவில் போகும்போது, ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில், அப்பா இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தாடை கடுக்கிறது என்றார். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பல் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். ஒன்பது ஆண்டுகளில் அது எனக்கு ஒரு முறையும் நினைவுக்கு வரவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் வந்தது. அந்த டியூட்டி டாக்டர் ‘என்ன செய்கிறது’ என்று கேட்டது அப்பாவை. பதில் சொன்னது நான்: “வாயுதான் சார். ராத்திரி கல்யாண வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டார்.” நோயைக் கண்டுபிடித்து அவர் கையில் கொடுத்தவனே நான்தான்.

என் மேல் எல்லாப் பழியையும் போட்டுக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படி எழுதி உருகுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மறுபடி ஈசிஜி எடுத்திருக்க வேண்டியது அவர்தான். ஆனால் நோக்கம்? எனக்கு என்ன நோக்கம் இருந்தது தாடையைச் சொல்லாமல் விட? பல் வேறு, வயிறு வேறு. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அதனால்தான் உங்கள் தோழிகள் பச்சைகுத்திக்கொள்ளாத குறையாகக் கொண்டாடும், அந்தத் தொடரின் நாயகன் டாக்டர் ஹவுஸின் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் எனக்கு ஆகாது. ‘எல்லோரும் பொய் சொல்கிறார்கள்.’ அப்படியே நோயாளியின் வீட்டுப் பூட்டை உடைத்துப் போய் அலமாரியைத் துழாவுவார்கள். எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்திருந்தால் ஒரு கல்யாணப் பத்திரிகையும் தாம்பூலப் பையும் கிடைத்திருக்கும். பொய் சொல்கிற நோயாளி அபூர்வம். எது நோயைச் சேர்ந்தது, எது சேராதது என்று தெரியாமல் தானே பிரித்துவைத்து ஒரு பகுதியை மட்டும் கொண்டுவருகிறவர்தான் அனைவரும். உங்கள் வார்டில் ‘எனக்கு எப்பவும் கால் இப்படித்தான் வீங்கும்’ என்று ஒருத்தி சொல்வாளே, அது பொய்யா?

அதே தொடரில் 2005இல் வந்த ‘த்ரீ ஸ்டோரீஸ்’ அத்தியாயத்தை மறுபடி பாருங்கள். ஹவுஸ் மாணவர்களுக்கு மூன்று கால்வலிக் கதைகளைச் சொல்கிறார். ஒன்று அவருடைய கதை. தொடைத்தசைக்கு ரத்தம் போகாமல் துடித்துக்கொண்டு வந்தவரை, போதை ஊசிக்காக நடிக்கிறான் என்று நினைத்தார்கள். மூன்று நாள் கழித்து, தசை செத்துக்கொண்டிருக்கிறது என்று நோயாளியாகக் கிடந்த அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது. ஹவுஸ் ஏன் இப்படிக் கொடூரமாக இருக்கிறார், வலியாலா பிறவிக்குணமா என்று நீங்கள் மூன்று பக்கம் விவாதித்திருக்கிறீர்கள். அவரை ஊனமாக்கியதே வலிக்குப் பின்னால் நோக்கம் தேடிய ஒரு மருத்துவமனைதான். அதை விட்டுவிட்டீர்கள்.

‘லவ்ஸ் லேபர் லாஸ்ட்’ 1995இல் ஒளிபரப்பானது. நான் குறுந்தகட்டில் பார்த்தபோது பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது, அந்த மூத்த மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு. கிரீன் ரயிலில் அழும் இடத்தில் அந்த இட்லிப் பொட்டலம் ஞாபகம் வந்தது. அவன் அதைத் திரும்பப் பிரித்துத் தின்றிருப்பானா என்று யோசித்தேன். இன்று அவனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அப்பா இறந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் போய்ச் சொல்லவில்லை.

ஈசிஜி தாளை வெப்பத்தாளில் அச்சிடுவார்கள், நாளாக நாளாக மங்கிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். உடனே ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள் என்று நோயாளியிடம் சொல்பவரே நீங்களாக இருப்பீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மடிப்புகளில் பழுப்பேறியிருக்கிறது. இளஞ்சிவப்புக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. கோடு எங்கும் இல்லை.

பாத்திரத்தின் காரணத்தைச் சொல்லாதது எழுத்தின் குறையா என்று கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் எழுதினேனா என்று தெரியவில்லை. அட்டவணையை முழுதாக அனுப்புங்கள், திட்டினாலும் படிப்பேன். இந்த வாரம் இரவுப் பணி என்று எழுதியிருந்தீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.