விபத்துச் செய்தியில் 'கட்டுப்பாட்டை இழந்த லாரி' என்பதைத் தாண்டி உள்ளூர் நிருபர் என்ன எழுத முடியும்?

நிறைய எழுதலாம். தொப்பூர் கணவாயையே எடுத்துக்கொள்வோம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே நீண்ட சரிவாக இறங்குகிறது. டீசல் மிச்சமாகும் என்று சில ஓட்டுநர்கள் வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறச் சூடேறப் பிடிமானம் குறையும், லைனிங் கருகும் வாடை வரும். 2024 ஜனவரியில் வண்டிகள் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்து 4 பேர் இறந்ததும் இந்தக் கணவாயில்தான்.

'கட்டுப்பாட்டை இழந்தது' என்று முடித்தால் பழி ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது. சரிவு எப்படி, எவ்வளவு லோடு, அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்றெல்லாம் கேட்க வேண்டும். அதே இடத்தின் பழைய விபத்து விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கலாம். கட்டணம் 10 ரூபாய்தான்.

அப்புறம், நடப்பவர்கள். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் பாட்டி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுத்தடுப்பில் ஏறி இறங்குகிறார். நிருபர் ஒருநாள் அவரோடு சாலையைக் கடக்கட்டும். முறையாகக் கடக்கும் வழி நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நடந்தே அளந்து, அந்தக் கணக்கைச் செய்தியின் முதல் வரியில் போடட்டும்.