மடிக்கணினிக்கு ராம் வாங்கும் முன்

என் மடிக்கணினியில் 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) இருக்கிறது. பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்தாலே திணறுகிறது. இன்னொரு 8 ஜிபி சேர்க்கலாமா?

முதலில் ராம்தான் காரணமா என்று பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். அன்றாட வேலையின்போதே பயன்பாடு 90 சதவீதத்தை ஒட்டி நின்றால் ராம் போதவில்லை. பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினி என்றால், அந்தப் பணத்துக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) போடுங்கள். மாற்றம் உடனே தெரியும்.

ராம் மாட்டும் இடமான ஸ்லாட்டின் எண்ணிக்கையும் டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் மதர்போர்டோடு (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) பற்றவைக்கப்பட்டிருக்கும். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஆப்பிளின் எம் வரிசை சிப் உள்ள மேக்புக்குகளில் பிறகு கூட்ட வழியே இல்லை. வாங்கும்போதே தேவையான அளவை வாங்கிவிட வேண்டும்.

நண்பரின் டிடிஆர்3 ராமை என் டிடிஆர்4 மடிக்கணினியில் போடலாமா?

முடியாது. டிடிஆருக்குப் பின்வரும் எண் ராமின் தலைமுறையைக் குறிக்கும். டிடிஆர்3க்கு 204 பின்கள் (இணைப்பு முனைகள்), டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறும். தயவுசெய்து அழுத்தித் திணிக்காதீர்கள். ஸ்லாட் உடைந்தால் செலவு மதர்போர்டு வரை போகும்.

8 ஜிபியுடன் 16 ஜிபி சேர்த்தால் பிரச்சினை வருமா?

பெரும்பாலும் வராது. இரண்டும் வேகம் குறைந்ததன் வேகத்தில் ஓடும். சமமான பகுதி டூயல் சேனலிலும் (இரண்டு ராமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வேகமான முறை), மிச்சமுள்ள 8 ஜிபி சிங்கிள் சேனலிலும் இயங்கும். நினைவகம் பற்றாமல் திணறுபவருக்கு அந்தச் சிறு வேக இழப்பு ஒரு பொருட்டே அல்ல.

புது ராம் மாட்டியபின் திரை கறுப்பாகவே இருக்கிறது. கெட்டுவிட்டதா?

அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். டிடிஆர்5 என்றால் முதல்முறை தொடங்கச் சில நிமிடங்கள் ஆகலாம், காத்திருங்கள். பிறகும் படம் வரவில்லையென்றால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, ராமைச் சாய்வாக முழுவதும் உள்ளே செலுத்தி, இரு பக்கக் கிளிப்புகளும் பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள். பொன்னிற முனைகளை விரலால் தொடக் கூடாது. அப்போதும் உயிர் வராவிட்டால் பழைய ராமை மட்டும் மாட்டிப் பாருங்கள். கணினி எழுந்துவிட்டால் புதியதைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

8 ஜிபி ஆக்கியும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படுவதாகக் காட்டுகிறதே?

உங்களுடையது 32 பிட் விண்டோஸாக இருக்கும். அதன் எல்லையே 4 ஜிபிதான். கோப்புகளைப் பிரதி எடுத்துவைத்துவிட்டு 64 பிட் விண்டோஸை நிறுவுங்கள்.